கூட வந்த எட்டரை

எங்க வீட்டுல உப்புப் போட ஒரு கரண்டி உண்டு. அந்தக் கரண்டியில உப்பு மட்டமா இருக்கணும்னு மேலே வழிச்சு விடுறதுக்கு ஒரு கத்தியும் உண்டு. சிரிக்காதீங்க, என் தம்பி பொண்டாட்டி அப்படித்தான். டீக்குப் பால் ஊத்தும்போது குனிஞ்சு, கண்ணை டம்ளருக்கு நேரா வெச்சுப் பார்த்துத்தான் ஊத்துவா. கல்யாணமான புதுசுலயே என் தம்பி அவளுக்கு 'துளி'ன்னு பேரு வெச்சுட்டான். "ஒரு துளி கூடிருச்சு", "ஒரு துளி குறையுது", வாயைத் திறந்தா இதுதான். பேரு நல்லா ஒட்டிக்கிச்சு. இப்ப அவளைப் பெத்த அம்மாவே போன்ல "துளி இருக்காளா?"ன்னுதான் கேக்குறாங்க.

நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனார்னா எப்படி இருக்கணும்னு உலகத்துக்கே தெரியும், நானும் ஆரம்பத்துல முறுக்கிக்கிட்டுத்தான் திரிஞ்சேன். ஆனா அவகிட்ட சண்டை போடுறதும் சுவத்துல முட்டிக்கிறதும் ஒண்ணு. நான் மூச்சு விடாமக் கத்தி முடிச்சா, அவ யோசிச்சு, அளந்து, ஒரே ஒரு வார்த்தை சொல்லுவா. அந்த ஒரு வார்த்தை சரியா வேற இருந்து தொலைக்கும். எத்தனை நாளைக்குத்தான் தோத்துக்கிட்டே இருக்கிறது? ராசியாயிட்டேன்.

கீழ் வீட்டுல எனக்குத் தையல் கடை. தொளதொளன்னு இருக்கிறதைப் பிடிச்சுக் கொடுப்பேன், பிடிக்கிறதைப் பிரிச்சு விடுவேன். மேல் வீட்டுல தம்பியும் துளியும். அவளுக்கு மாத்திரை கம்பெனியில வேலை, பரிசோதனைக்கூடத்துல. அட்டையில போட்டிருக்கிற அளவு மருந்து மாத்திரைக்குள்ள நிஜமாவே இருக்கான்னு அளந்து சொல்லணும். அவ சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் லாரி கேட்டைத் தாண்டும்.

வருஷத்துல ஒருநாள் வீட்டு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுவாங்க. நானும் போனேன். வெள்ளைக் கோட்டும் கண்ணாடியுமா அவ நிக்கிறதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துருச்சு. அளக்குற மெஷினைத்தான் பார்த்து ஏமாந்துட்டேன். என் தையல் மெஷின் மூடி அளவுதான் இருந்துச்சு. "இதுக்கா வீட்டுல அவ்வளவு அலட்டல்?"னு வாய்விட்டே கேட்டுட்டேன்.

அவ கோவிச்சுக்கல. செஞ்சு காட்டினா. மாத்திரையை இடிச்சுப் பொடியாக்கினா, கரைச்சா, வடிகட்டினா, வயிறு பெருத்த ஒரு கண்ணாடிக் குடுவையில ஊத்தினா. குடுவைக்கு அடியில திருகு வெச்ச குழாய். அதுக்குள்ள ஒரு சாயம். அந்தச் சாயத்தோட முழுப் பேரைச் சொன்னா நாக்கு சுளுக்கிக்கும். பேருல பச்சைன்னு வருது, குடுவைக்குள்ள மஞ்சளா நிக்குது. ஆளை ஏமாத்துற வேலைதானே? அப்புறம் குளோரோஃபார்ம் ஊத்தி, மூடி போட்டு, கை வலிக்கக் குலுக்கினா. கொஞ்ச நேரம் ஸ்டாண்டுல வெச்சதும் தண்ணி மேலேயும் குளோரோஃபார்ம் கீழேயுமா ரெண்டா பிரிஞ்சு நின்னுச்சு.

"அண்ணி, சாயம் தனியா இருந்தா மேலே தண்ணியிலயேதான் நிக்கும், கீழே இறங்காது. மருந்து வந்து கையைப் பிடிச்சாத்தான் ரெண்டும் ஜோடியாக் கீழே இறங்கும். எவ்வளவு மருந்தோ அவ்வளவு ஜோடி. எவ்வளவு ஜோடியோ அவ்வளவு மஞ்சள்."

"அட, இங்கேயும் ஒண்டிக்கட்டைக்கு வாடகைக்கு வீடு கிடையாதா?"

"அதேதான் அண்ணி"ன்னா, சிரிக்காம. 

கீழே நிக்கிற மஞ்சளை மட்டும் திருகைத் திறந்து பிடிச்சு, சின்னக் கண்ணாடிப் பெட்டியில விட்டு மெஷினுக்குள்ள வெச்சா. மெஷின் ஒரு பக்கம் வெளிச்சத்தை விடும், மறுபக்கம் எவ்வளவு வந்து சேருதுன்னு பார்க்கும். மஞ்சள் எவ்வளவு வெளிச்சத்தை முழுங்குச்சோ அதை வெச்சு மருந்துக் கணக்கு. இதையெல்லாம் தானே செஞ்சு முடிக்கிற பெரிய மெஷின் ஒண்ணும் அங்கே உண்டு. நான் சொல்லப்போற சமயத்துல அது ரிப்பேராகி, உதிரி பாகம் வர்ற வரைக்கும் துணியைப் போர்த்திக்கிட்டுத் தூங்கிக்கிட்டிருந்துச்சு. அதனால எல்லாமே துளியோட குலுக்கல்தான்.

அவ அளக்குறது மனச்சோர்வுக்குக் கொடுக்குற மாத்திரை. வருஷக்கணக்கா அளந்தவ, அதோட அட்டை ஒண்ணு தன் வீட்டு அலமாரிக்கே வரும்னு நினைச்சுப் பார்த்திருக்க மாட்டா.

என் தம்பிக்குத் தரைக்கு டைல்ஸ் ஒட்டுற வேலை. ஒரு டைல் கோணலா இருந்தா அவனுக்குச் சோறு இறங்காது. துளிக்கு ஏத்த ஜாடிதான். பாட்டும் கூத்துமா இருந்தவன், ஒரு மழைக்காலத்துல படுத்தான், எந்திரிக்கல. காய்ச்சல் இல்ல, கடன் இல்ல, சண்டை இல்ல. காரணம் கேட்டா, "தெரியலக்கா, எதுவும் வேணும்னு தோணல"ம்பான். போர்வைக்குள்ள இருந்துதான் அந்தக் குரல் வரும். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தா ரெண்டு வாய். பேசினா ஒரு வார்த்தை. எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் என் கடை வாசல்ல நின்னு, "நல்லா இருக்கிற உடம்பு, வேலைக்குப் போகச் சோம்பல்"னு ஒரு வார்த்தை விட்டாரு. நான் கத்தரிக்கோலைக் கையில வெச்சுக்கிட்டே எந்திரிச்சேன். அதுக்கப்புறம் அவரு பேண்ட் நீளம் குறைக்க அடுத்த தெரு கடைக்குத்தான் போறாரு. போகட்டும்.

துளிதான் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனா. டாக்டர் எழுதிக் கொடுத்தது, பார்த்தா, இவ அளக்குற அதே மாத்திரை. "உடனே கேக்காது, பொறுமையா இருங்க. நீங்களா நிறுத்திடாதீங்க, திடீர்னு நிறுத்தினா படுத்திடும்"னு டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னாங்களாம். முதல்ல ஒண்ணுமே தெரியல. "நீ அளந்த லட்சணம் இதுதானா?"ன்னு துளிகிட்டக் கூடச் சண்டை போட்டேன். அவ, "அளவு சரியாத்தான் இருக்கு அண்ணி, அவருக்குத்தான் நேரம் வேணும்"னா. வழக்கம்போல ஒரே வார்த்தை.

அப்புறம் மெல்ல மெல்ல மாற ஆரம்பிச்சான். ஒருநாள் தானா முகம் மழிச்சுக்கிட்டான். இன்னொரு நாள் கீழே இறங்கி வந்து என் கடை ஸ்டூல்ல உக்காந்து, "அக்கா, உன் கடைத் தரையில மூணாவது டைல் ஆடுது"ன்னான். எனக்கு வந்த சந்தோஷத்துல ஊசியைக் கையில குத்திக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒரு காலையில, யாரும் சொல்லாம, அழுக்குத் துணிக்கூடையைத் தூக்கிக்கிட்டுப் போய் மெஷின்ல போட்டான். வெளி வேலைக்குப் போற தெம்பு இன்னும் வரல. ஆனா துவைக்கிற வேலை இனிமே தன்னோடதுன்னு சொல்லிட்டான்.

சும்மா துவைச்சானா? கடைக்குத் தானே நடந்து போய், துணி மெத்துமெத்துன்னு ஆக, வாசமா இருக்கன்னு ஒரு சாஃப்ட்னர் பாட்டில் வாங்கிக்கிட்டு வந்தான். அத்தனை மாசத்துல அவன் தனக்குத் தோணி வாங்கின முதல் சாமான் அதுதான். மூடிக் கணக்கெல்லாம் பார்க்கல, தாராளமா ஊத்தினான். கொடியில துணி காஞ்சா தெருவே மணந்துச்சு. துளி ஆபீஸ் கிளம்புறப்போ கோட்டை முகத்துக்கிட்ட வெச்சு மோந்து பார்த்துட்டுத்தான் போட்டுக்குவா. ஒரு துளி கூடிருச்சுன்னு அவ சொல்லாத ஒரே விஷயம் அந்த வாசம்தான்.

இந்தச் சமயத்துல பார்த்துத்தான் கம்பெனியில பூதம் கிளம்புச்சு. அட்டையில போட்ட அளவை நூறுன்னு வெச்சா, மாத்திரையில மருந்து தொண்ணூத்தஞ்சுக்குக் குறையக் கூடாது, நூத்தஞ்சைத் தாண்டவும் கூடாது. எப்பவும் நூறை ஒட்டித்தான் வரும். திடீர்னு நூத்தியேழு, நூத்திப்பத்து, நூத்தியெட்டரைன்னு வர ஆரம்பிச்சுச்சு. தயாரிப்பு மொத்தமும் கேட்டுக்கு உள்ளேயே நின்னுபோச்சு. துளியோட மேலதிகாரியை அங்கே எல்லாரும் சிடுமூஞ்சி சார்னுதான் சொல்லுவாங்க. அவரு கலவை போடுற ஆளுங்களைப் பிடிச்சு உலுக்கினாரு. அவங்க, "நாங்க எப்பவும் போடுற அளவுதான் சார்"னு தலையில அடிச்சுக்கிட்டாங்க.

வெளியே கதை வேற மாதிரி போச்சு. எங்க பக்கத்து மருந்துக்கடைக்கெல்லாம் இங்கேயிருந்துதான் அந்த மாத்திரை. மத்த கம்பெனி சரக்கும் கையிருப்பு தீர்ந்து போச்சு. நான் கடை கடையா ஏறி இறங்கினேன். "வரலீங்க", "நாளைக்கு வரலாங்க", "கம்பெனியிலேயே நிறுத்திட்டாங்களாங்க." தம்பி கடைசி அட்டையில இருக்கான். இப்பதான் எந்திரிச்சு நிக்கிறவன், மாத்திரை இல்லாம மறுபடியும் அந்தப் போர்வைக்குள்ள போயிட்டா? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

மேல் வீட்டுக்கு ஏறிப் போய் துளியைப் பிடிச்சுக்கிட்டேன். "ஏண்டி, கூடத்தானே இருக்கு? குறைஞ்சாத்தானே தப்பு? கொஞ்சம் தாராளமா இருந்தா என்ன கெட்டுப்போச்சு? கையெழுத்தைப் போட்டு அனுப்பேன்."

"மாட்டேன் அண்ணி."

"உன் புருஷனுக்குத்தாண்டி!"

"அவருக்குத்தான், அதனாலதான் மாட்டேன்"னா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சு, ஆனா குரல் ஆடல. கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவளே சொன்னா: "ஒரே மாத்திரைப் பொடி அண்ணி. காலையில ஒரு கணக்கு, மத்தியானம் ஒரு கணக்கு. மருந்து இப்படி ஏறி இறங்காது. மருந்தோட வேற யாரோ சேர்ந்துக்கிட்டுச் சாயத்தோட கையைப் பிடிக்கிறாங்க. யாருன்னுதான் தெரியல."

மறுநாள் அவ செஞ்சதைக் கேளுங்க. மாத்திரையே போடாம, வெறும் தண்ணியும் சாயமும் குளோரோஃபார்மும் மட்டும் ஊத்திக் குலுக்கியிருக்கா. மருந்து இல்லேன்னா ஜோடி இல்ல, கீழே நிறமே இருக்கக் கூடாது. ஆனா கீழே லேசா மஞ்சள்! மருந்தே இல்லாத குடுவையில மஞ்சள்! குடுவை உலர்த்துற மின்சார அடுப்புல வெச்சு எடுத்த இன்னொரு குடுவையில அதையே செஞ்சா, மஞ்சள் இல்ல. அப்ப கோளாறு குடுவையிலதான்.

சாயங்காலம் நேரா என் கடைக்கு வந்தா. செருப்பைக் கூடக் கழட்டல. "அண்ணி, துவைக்காத துணி வேணும்."

துணி என்னன்னா, அவளுக்கு ஒரு பழக்கம். கழுவின குடுவையை அடுப்புல உலர்த்தணும், அதுதான் அங்கே முறை. காலையில அப்படித்தான் செய்வா. வேலை நெருக்குறப்போ பொறுக்காது, வெள்ளைப் பருத்தித் துணியால உள்ளே துடைச்சு உடனே எடுத்துக்குவா. கம்பெனி காகிதம் நார் விடுதாம், அதனால நான்தான் ஓரம் மடிச்சுத் தைச்சுக் கொடுப்பேன். முன்னெல்லாம் அந்தத் துணிகளை அவளே வெறும் வெந்நீர்ல அலசிக்குவா. இப்ப எல்லாமே வீட்டுக் கூடைக்குப் போயிடுது.

புதுத் துணியை ஒரு கையில பிடிச்சா. பையில இருந்து வீட்டுல துவைச்ச துணியை எடுத்து இன்னொரு கையில பிடிச்சா. ரெண்டையும் மாத்தி மாத்தி மோந்து பார்த்தா.

"என்னடி, மோப்ப நாய் மாதிரி?"

அவ ரெண்டு துணியையும் என் மேஜையில போட்டா. மாடிக்கு ஓடினா. சாஃப்ட்னர் பாட்டிலோட இறங்கி வந்து, பின்னாடி பொடி எழுத்துல இருந்ததை என் தையல் மெஷின் விளக்குக்குக் கீழே பிடிச்சுப் படிச்சா. அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டா.

"இதுதான் அண்ணி. துணியில ஒட்டிக்கிட்டு மெத்துன்னு ஆக்குற சரக்கு. மருந்து மாதிரியே இதுவும் சாயத்தோட கையைப் பிடிக்கும். கூட்டிக்கிட்டுக் கீழே இறங்கும்."

நான் வாய் மேல கை வெச்சுட்டேன். ஊருக்கே மாத்திரை நின்னுபோனதுக்குக் காரணம் எங்க வீட்டுத் துணிக்கூடையா!

அடுத்த நாள் எல்லாத்தையும் அடுப்புல உலர்த்தின குடுவையில திரும்ப அளந்தா. நூறு, நூறு, தொண்ணூத்தொம்பதரை. சிடுமூஞ்சி சார்கிட்ட தன் துணிப் பழக்கத்தையும் மறைக்காமச் சொல்லிட்டா. மனுஷன் கத்தின கத்துல ஜன்னல் அதிர்ந்துச்சாம். கத்தி முடிச்சுட்டு, "என்ன வாசம்மா அது, மல்லிகையா?"ன்னு கேட்டாராம். துணி இனிமே உள்ளே வரக்கூடாது, கோட்டையும் வெறும் சோப்புலதான் துவைக்கணும்னு உத்தரவு. லாரி கேட்டைத் தாண்டுச்சு. கடைசி அட்டை காலியாகுறதுக்குள்ள புது அட்டை எங்க வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்துச்சு.

எனக்கு உசுரு வந்துச்சு. துளி முகம்தான் தெளியல. "அண்ணி, அவருக்கு இது தெரியவே கூடாது. தன்னாலதான் இவ்வளவும்னு தெரிஞ்சா, மறுபடி சுவத்தைப் பார்த்துப் படுத்துக்குவாரு. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். என் ஓட்டை வாயை நம்பிச் சத்தியம் வாங்கினா பாருங்க, அன்னைக்கு ஒருநாள்தான் அவ கணக்கு தப்பிப்போச்சு.

கோட்டை அவ என் கடைப் பின்பக்கக் குழாயில திருட்டுத்தனமா அலசி, அங்கேயே காயப் போட ஆரம்பிச்சா. தம்பி ரெண்டு தடவை கேட்டான், "துளி, உன் வெள்ளைத் துணியெல்லாம் எங்க? கோட்டைக் காணோமே?" அவ, "கம்பெனியில துவைச்சுக்கிறாங்க"ன்னா. அளக்கத் தெரிஞ்சவளுக்குப் பொய் சொல்லத் தெரியல. காது நுனி வரைக்கும் சிவந்து போச்சு. 

ஒரு சாயங்காலம் தம்பி அந்த ஆடுற டைலை ஒட்டுறேன்னு சாமான் பையோட கடைக்கு வந்தான். பின்பக்கம் தண்ணி பிடிக்கப் போனவன், கொடியில தொங்குற கோட்டைப் பார்த்துட்டான். திரும்பி வந்தான். பையைக் கீழே வெச்சான்.

"நான் துவைக்கிறது சரியில்லையாக்கா? சொல்லியிருந்தா விட்டிருப்பேனே." 

அந்தக் குரல். போர்வைக்குள்ள இருந்து வந்த அதே குரல். சொல்லிட்டு மாடிப் படியைப் பார்த்து நடந்தான். அவன் படியேறினா நேரா கட்டிலுக்குத்தான் போவான்னு எனக்குத் தெரியும். சத்தியமாவது சர்க்கரைப் பொங்கலாவது!

"டேய், நில்லுடா! உன் சாஃப்ட்னர் போய்க் குடுவைக்குள்ள உக்காந்துக்கிச்சுடா! மாத்திரையில மருந்து கூடிப்போச்சுன்னு மெஷின் சொல்லி, கம்பெனியே கதவைச் சாத்திடுச்சுடா! நீ நல்லா துவைச்சதுதாண்டா வினை!"

மூச்சு விடாம முழுக்கதையும் கொட்டிட்டேன். முடிக்கும்போது பார்த்தா, வாசல்ல துளி. வேலை முடிஞ்சு வந்தவ, பையைத் தோள்ல இருந்து இறக்காம, என்னைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா. அந்தப் பார்வையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

 தம்பி ஆடுற டைலைக் காலால அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கிட்டே நின்னான்.  துளி ஒரு அடி முன்னாடி வந்தா.

"எவ்வளவு கூட வந்துச்சு?"ன்னான், தலையைத் தூக்காம.

"நூத்தியொன்பது"ன்னேன் நான்.

"எவ்வளவு வந்திருக்கணும்?"

"நூறு."

டைலை அமுக்குறதை நிறுத்தினான். தோள் குலுங்குச்சு. அய்யோ, அழுறான்னு நினைச்சேன். நிமிர்ந்தான் பாருங்க, சிரிக்கிறான்! மாசக்கணக்கா கேக்காத சிரிப்பு. மூக்கால ஒரு சத்தம் வரும் அவனுக்கு, சின்ன வயசுல அதுக்காகவே அடி வாங்கியிருக்கான். அந்தச் சத்தத்தோட சிரிக்கிறான். 

"அப்ப அந்த நூறு மாத்திரையோடது, துளி. மிச்சம் ஒன்பது நான்தான். படுத்துக் கிடந்தப்போ நான் உன் மெஷின்ல வந்தேனா? எந்திரிச்சு நின்னதும் கணக்குல வந்துட்டேன் பார்த்தியா!"

நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கு. துளியும் அழுதா, வாயைப் பொத்திக்கிட்டு. பக்கத்துல வந்து அவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, மூக்கை உறிஞ்சிக்கிட்டு, என்னவோ சொல்ல வந்தா. சரி, இப்பவாவது நாலு நல்ல வார்த்தை சொல்லப் போறான்னு காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன்.

"ஒன்பது இல்லீங்க"ன்னா. "சராசரி எட்டரை."